முந்நூறு சொற்களுக்கு மிகாமல்

மழை. ரப்பர் வெட்டு இல்லை.
அதனால்தான் அம்மை என்கூட வந்தாள்,
குலசேகரம் சந்தைக்குப் பின்னே
சஜிதாக்காவின் ஜெராக்ஸ் கடைக்கு.
உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றுக்கு அறுபது ரூபாய்.
கரண்டு போனால் மறுபடி முதலிலிருந்து.

பெயர்: ஜெஸ்லின் விஜி.
பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஜெஸிலின்.
ஆதாரில் விஜீ, நெடில்.
எழுத்தை மாற்றிப்போட்ட அந்த அலுவலர்களிடம்
இதுவரை யாரும் கேட்டதில்லை
மருத்துவச் சான்று.

என்னிடம் இருக்கிறது.
ஆசாரிப்பள்ளத்தில் மூன்று வியாழக்கிழமைகள்.
மொழியிலேயே இல்லாத சொற்களை வாசிக்கச் சொன்னார்கள்:
தபுலி, மிறக்கு, நேசடை.
இருக்கிற சொற்களையே முன்பின் தெரியாதவைபோல் வாசிக்கும் எனக்கு
அவை மட்டும் பழகிய முகமாய்த் தெரிந்தன.
நாற்பத்தெட்டு சதவீதம் என்று முத்திரை விழுந்ததும்
அப்பா வராந்தாவில் சிரித்துவிட்டார்:
"முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸுல்லா பிள்ளே."

குடும்ப ஆண்டு வருமானம்.
அம்மை மழைநாட்களைக் கழித்துச் சொன்னாள்.

பிறகு அந்தப் பெட்டி:
உங்கள் கற்றல் வேறுபாட்டை
முந்நூறு சொற்களுக்கு மிகாமல்
உங்கள் சொந்த நடையில் எழுதவும்.

சொந்த நடை எனக்கு உண்டு.
ஒரு வரியில் புறப்பட்டு
அடுத்த வரிக்குள் தவறி விழும்,
எழுந்து, புறப்பட்ட வரிக்கே திரும்பி வரும்.

நான் சொல்லச் சொல்ல அக்கா தட்டினாள்.
கொ என்று எழுதிப் பாருங்கள்.
கொம்பு முன்னே, கால் பின்னே, நடுவில் க.
கண் முதலில் கொம்பில் முட்டுகிறது,
வாயோ க-வில் தொடங்கச் சொல்கிறது.
எல்லோரும் அரை நொடியில் தாண்டும் அந்த இடத்தில்
பேச்சிப்பாறை ரோட்டில் லாரி போகட்டும் என்று நிற்பவள்போல
நான் ஓரமாய் நிற்கிறேன்.
பிளஸ் டூவில் ஒரு மணி நேரம் கூடுதலாய்த் தந்தார்கள்.
அந்த நேரம் முழுக்க
காலியான ஹாலில் பெஞ்சுகளை அடுக்கும் சத்தம்.
மணியடித்த பிறகும் எழுதுகிறவள் என்ற பெயர்
காப்பியடித்தவள் என்பதைவிட மோசம்.
பணம் எதற்கென்றால்,
பாடத்தை வாசித்துக்காட்டும் செயலிக்கு,
அது ஓடுகிற மாதிரி ஒரு போனுக்கு,
நாகர்கோவில் விடுதிக்கு.
தாவரவியல் படிக்க ஆசை. இலத்தீன் பெயர்களில்
எனக்கும் மற்றவர்களுக்கும் ஒரே தடுமாற்றம்.

அடுத்த கேள்வி:
குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இது உண்டா?
"இல்ல," என்றாள் அம்மை,
"எனக்க மோளுக்கு மட்டும்தான்."

சரிபார்க்க எடுத்த தாள் சூடாக வந்தது.
அம்மை வாங்கிக்கொண்டாள்.
பைக்குள் கைவிட்டு
மடங்கிய கல்யாணக் கார்டு ஒன்றை எடுத்து
முதல் வரிக்குக் கீழே வைத்து
மீதியை மறைத்தாள்.
உதடு அசைய ஒரு வரி.
கார்டை இறக்கி இன்னொன்று.
ஞாயிறு சபையில் பாட்டுப்புத்தகத்தையும்
இப்படித்தான் பிடிப்பாள்.
பக்தி என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் வியாழக்கிழமை
அட்டையில் ஜன்னல் வெட்டி
எனக்குச் சொல்லித்தந்ததும் இதைத்தான்.

அம்மை எட்டோடு நின்றவள்.
ஏன் என்று கேட்டால்
பால்வெட்டுக்கு எழுத்து எதுக்கு என்பாள்.

"சப்மிட் கொடுத்திரட்டா?"
"நில்லுங்கக்கா. அந்த 'இல்லை'யை மட்டும்..."

அம்மை கார்டை இறக்கவில்லை.
எந்த வரியில் இருந்தாளோ அங்கேயே நின்று,
தாளிடம் கேட்பவள்போலக் கேட்டாள்:
"எனக்கும் உண்டுண்ணு போட்டா
பிள்ளைக்குத் தாறது கொறஞ்சு போவுமா?"

சஜிதாக்காவுக்குத் தெரியவில்லை.
விண்ணப்பத்தை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள்,
அதற்குக் குறிப்பு எதுவும் இல்லை.
வெளியே மழை விட்டிருந்தது.
பெட்டிக்குள் அந்த ஒற்றைக் கோடு
தோன்றியும் மறைந்தும்
எங்களுக்காக நின்றது.